வாசித்தது யார்?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவர் முதலில் செய்ய வேண்டியது, தம் தலைப்பில் முன்னால் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்து, அவற்றில் விடுபட்டிருப்பது எது என்று காண்பது. அதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்பதை அண்மைக்காலம்வரை யாரும் கேள்வி கேட்டதில்லை. இப்போது நாற்பது, ஐம்பது பிடிஎஃப் கோப்புகளை மொத்தமாக ஏற்றிவிட்டு, ‘இவற்றைச் சுருக்கிச் சொல், யாரும் தொடாத பகுதி எது என்று காட்டு’ என்று ஏஐயிடம் ஒரு ப்ராம்ப்ட் கொடுத்தால், கேண்டீனுக்குப் போய்த் திரும்புவதற்குள் பதில் தயாராக இருக்கிறது. எண்ணிட்டு, பத்தி பிரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு வரி, கடைசியில் ‘ஆய்வு இடைவெளி’ என்று தனித் தலைப்பு. சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2022 நவம்பரில். இந்தச் சில ஆண்டுகளுக்குள் ஆய்வு மாணவர்களிடையே இது தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லத் தேவையில்லாத பழக்கமாகிவிட்டது. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் எனக்கு இல்லை. ஒரு ஆவணத்தை நாமே வாசிப்பதற்கும், வாசித்துச் சொல்லும்படி ஒரு கருவியிடம் கேட்பதற்கும் நடுவில் எது கைநழுவிப் போகிறது என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குறைவது உழைப்பு மட்டும்தான் என்றால் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இதனால் பயன்பெறுகிறவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, தமிழ்வழியிலேயே படித்து, முதுகலையில் திடீரென்று ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் முன்னால் நிறுத்தப்படும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். புரியாத பத்தியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில், எத்தனையோ பேர் இந்த இடத்தில் படிப்பை விட்டிருக்கிறார்கள். அவளால் இன்று ஒரே பத்தியைப் பத்து முறை வேறு வேறு விதமாக விளக்கச் சொல்லிக் கேட்க முடிகிறது. சலித்துக்கொள்ளாத ஒரு துணை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. பார்வையற்ற மாணவர் ஒருவர் யாருடைய ஓய்வு நேரத்துக்காகவும் காத்திராமல் ஒரு அறிக்கையின் சாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இதே கதைதான். வில்லங்கச் சான்று, காப்பீட்டு ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஆங்கிலத்தில் வந்த தீர்ப்பு என்று, நம் வாழ்க்கையை முடிவு செய்கிற தாள்கள் பெரும்பாலும் நமக்குப் படிக்க வராத நடையில்தான் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல யாராவது ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவர் நேர்மையாகச் சொன்னாரா என்று சரிபார்க்கவும் வழியில்லாமல் இருந்தது. ஆகவே, ஆவணத்தை இயந்திரத்திடம் கொடுத்துக் கேட்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது, படிக்கத் தெரிந்தவர்களின் கடுமை.

அதோடு, இயந்திரம் வருமுன் நம் வாசிப்பு பழுதில்லாமல் இருந்தது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பாடநூலைத் தொடாமல் உரைநூலை மட்டும் படித்துத் தேர்ச்சி பெற்ற தலைமுறைகள் நம்முடையவை. கோனார் உரை இல்லாத தமிழ் மாணவர் வீடு இருந்ததா? ஆய்வேடுகளில் ‘முன்னாய்வுகள்’ என்ற இயல், முந்தைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே இறங்கி வந்து, அதிலிருந்த அச்சுப்பிழையோடு அடுத்த ஆய்வேட்டுக்குப் போவதைத் துணைநூற்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கிற எவரும் கண்டிருப்பார்கள். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் நடவடிக்கை இல்லை, அதைத் தாண்டினால் படிப்படியாகத் தண்டனை. அந்த விதி அளந்தது இரண்டு பிரதிகளில் உள்ள சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை. எழுதியவர் மூலத்தைப் படித்தாரா என்பதை அளக்க அதில் வழி இல்லை. இப்போது எந்தப் பத்தியையும் வேறு சொற்களில் மாற்றித்தர ஒரு வரி ப்ராம்ப்ட் போதும். படித்துத் தம் சொற்களில் எழுதிய மாணவருக்கும், படிக்காமல் இயந்திரத்தின் சொற்களில் எழுதிய மாணவருக்கும் மென்பொருள் ஒரே எண்ணைத்தான் காட்டும். படித்தாரா என்ற கேள்வி நீண்ட காலமாகவே நம்மிடம் கேட்கப்படாமல் கிடந்தது. இயந்திரம் அதை இனியும் தள்ளிப்போட முடியாதபடி செய்துவிட்டது.

வாசிப்பில் எது நழுவுகிறது என்பதை ஒரு உதாரணத்தில் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தமிழக வரலாற்றை ஆய்கிறவர்களுக்கு அடிப்படையான மூலங்களில் ஒன்று, 1890 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசை. அதில் ஒரு பக்கத்தைத் திறந்தால் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டின் பாடம் வரி எண்ணிட்டு அச்சாகியிருக்கும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் வரும். நொந்தாவிளக்கு ஒன்று எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்ட செய்தியோ, நான்கு எல்லைகளும் சொல்லி நிலம் விற்ற செய்தியோ தொடரும். பாடத்தின் ஊடே சில எழுத்துகள் மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். கல்லில் அந்த எழுத்து தேய்ந்திருக்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர் கருதுகிறார் என்பது அதற்குப் பொருள். சில இடங்களில் வெறும் புள்ளிகள் இருக்கும். அங்கே எழுத்து போய்விட்டது. சில இடங்களில், பின்னால் கட்டிய மண்டபம் வரியின் பாதியை மூடிவிட்டது என்ற குறிப்பு இருக்கும். வெயிலில் நின்று, சுவரில் ஈரத்தாளை ஒட்டி அடித்து மைப்படி எடுத்து, அதைப் பிறகு விளக்கொளியில் எழுத்தெழுத்தாகப் படித்த ஒருவர், தமக்கு எது நிச்சயமாகத் தெரிகிறது, எது ஊகம், எது தெரியவே இல்லை என்பதை நமக்காகப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தப் பக்கத்தை ஏற்றி, ‘இந்தக் கல்வெட்டு எந்த அரசன் காலத்தது, என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் தெளிவான நான்கு வரி கிடைக்கும். அந்த நான்கு வரியில் பெரும்பாலும் சதுர அடைப்பு இருக்காது. அடைப்புக்குள் ஊகமாக இருந்த ஆட்சியாண்டு வெறும் ஆட்சியாண்டாகிவிடும். முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் அரசனின் இயற்பெயரே இருக்காது. இராசகேசரி என்றோ பரகேசரி என்றோ பட்டப்பெயர் மட்டும் இருக்கும். இந்த இரண்டு பட்டங்களையும் சோழ அரசர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டதால், ஒரு பரகேசரி யார் என்பதை எழுத்தமைதியையும் உடன்வரும் பெயர்களையும் கொண்டு வாதாடித்தான் நிறுவ வேண்டும். அறிஞர்கள் இதில் ஒத்துப்போகாத இடங்கள் பல. இயந்திரமோ அவர்களில் ஒரு அரசனின் பெயரைச் சொல்லிவிட்டு நகரும். சில நேரம் அந்தப் பெயர் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆவணத்தோடு சேர்ந்து வந்த ஐயம் மாணவனிடம் வந்து சேரவில்லை. அவன் எழுதுகிற ஆய்வேட்டில் அது உறுதியான செய்தியாக ஏறும். அடுத்தவர் அந்த ஆய்வேட்டை ஏற்றிச் சுருக்கம் கேட்பார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கவனமாகப் போட்ட இரண்டு அடைப்புக்குறிகள் இரண்டே கைமாற்றத்தில் காணாமற்போகும்.

அடைப்புக்குறிகளை அப்படியே வைத்துச் சொல் என்று கேட்டால் வைத்துச் சொல்லுமே என்று ஒருவர் கேட்கலாம். சொல்லும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு, அடைப்புக்குறி என்ற ஒன்று அங்கே இருக்கிறது, அதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் படித்தவருக்குத்தான் தெரியும். இந்தக் கருவியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கிற முரண் இதுதான். ஆவணத்தை ஏற்கெனவே படித்தவரிடம் இது மிக நன்றாக வேலை செய்கிறது. ‘என் கருத்துக்கு எதிராக இந்த நூலில் என்ன சான்று இருக்கிறது? பக்க எண்ணோடு அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு; இல்லையென்றால் இல்லை என்று சொல்’ என்று அவர் கேட்கிறார். வந்த வரியைப் புத்தகத்தில் திருப்பிப் பார்க்கிறார். தாம் கவனிக்காமல் விட்ட ஒன்று கிடைத்தால் மகிழ்கிறார், வரி அங்கே இல்லையென்றால் அடித்துவிட்டுப் போகிறார். படிக்க நேரமோ பயிற்சியோ இல்லாதவர், யாருக்கு இந்த உதவி உண்மையில் வேண்டுமோ அவர், ‘சுருக்கிச் சொல்’ என்பதற்கு மேல் கேட்க வழியறியாமல், கிடைத்ததை நம்ப வேண்டியவராக இருக்கிறார். நல்ல ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி என்று பயிலரங்குகள் நடத்துகிறார்கள். நல்ல கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அங்கே சொல்லித்தர முடிந்தால் பெரிய காரியம்.

நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கு 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது உலகறிந்த செய்தி. ஏவியாங்கா என்ற விமான நிறுவனத்தின்மேல் பயணி ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் சில எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி உருவாக்கித் தந்தவை. நீதிபதி அவர்களுக்கு ஐயாயிரம் டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்கில் என் மனதை விட்டு அகலாதது ஒன்று உண்டு. வழக்கறிஞர் ‘இந்தத் தீர்ப்பு உண்மையானதுதானா?’ என்று அந்த இயந்திரத்திடமே கேட்டிருக்கிறார். ஆம் என்று அது சொல்லியிருக்கிறது. பல ஆண்டுகள் தொழில் செய்த ஒருவர், தீர்ப்புத் தொகுப்பில் தேடிப்பார்ப்பதை விட்டுவிட்டு, சொன்னவரிடமே சாட்சியம் கேட்டு நிறைவடைந்திருக்கிறார். நீதிபதி தம் உத்தரவில் கருவியைப் பயன்படுத்தியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாக்கல் செய்வதைச் சரிபார்க்கும் கடமை வழக்கறிஞருடையது என்பதைத்தான் நினைவூட்டினார். கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் புதிதாக எதுவும் இல்லை.

இல்லாததைச் சொல்வதாவது தேடினால் பிடிபட்டுவிடும். இருப்பதை விட்டுவிடுவது எளிதில் பிடிபடாது. நீண்ட ஆவணங்களை மொழி மாதிரிகள் எப்படிக் கையாள்கின்றன என்று 2023இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்திகளை அவை நன்றாகப் பிடிக்கின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று காட்டியது. அதன்பின் வந்தவை மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் அறுநூறு பக்க அறிக்கையில் முந்நூற்றுப் பத்தாம் பக்கத்து அடிக்குறிப்பு விடுபட்டிருந்தால், விடுபட்டது என்று நமக்கு யார் சொல்வார்கள்? முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு நூலைப் படித்ததாகச் சொல்லும் வழக்கம் மனிதரிடமும் உண்டு. ஆனால் அப்படிப் படித்தவருக்குத் தாம் நடுவில் படிக்கவில்லை என்பது தெரியும். அந்தத் தெரிதல் அவர் எழுத்தில் எங்காவது ஒரு தயக்கமாக வெளிப்படும். இயந்திரத்தின் பதிலை வாங்கிக்கொண்டவருக்கு எதைப் படிக்கவில்லை என்பதும் தெரியாது.

ஆவணங்களை ஆராய்வது என்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, பிரபந்தங்களும் அந்தாதிகளும் புராணங்களும் நிறையப் படித்தவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவர் படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியை எடுத்து வாசிக்கத் தொடங்கியபோது, அதுவரை கற்றது எதுவும் அந்த நூலைத் திறக்க உதவவில்லை. அது சமண நூல். அதன் சமயக் கருத்துகள் அவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்கள் அந்த நூலைத் தலைமுறையாகப் படித்தும் படிக்கக் கேட்டும் வந்தவர்கள். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1887இல் சீவகசிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.

இது உழைப்பின் பெருமையைச் சொல்லும் கதையாகத்தான் நம்மிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில், இன்ன நூலிலிருந்து என்று பெயர் சொல்லாமல் பழைய பாடல் வரிகள் மேற்கோளாக வந்துகொண்டே இருக்கும். அவை எங்கிருந்து வந்தவை என்று சாமிநாதையருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தாண்டிப் போகவும் அவரால் முடியவில்லை. அந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடும் வேலைதான் அவரைப் பத்துப்பாட்டுச் சுவடிகளுக்கும் எட்டுத்தொகைச் சுவடிகளுக்கும் கொண்டுபோனது. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அவர் பதிப்பில் வந்தன. சங்க இலக்கியத்தைத் தேடுகிறேன் என்று அவர் புறப்படவில்லை. ஒரு நூலை வரிவரியாகப் படிக்கும்போது தடுக்கிய இடங்கள் அவரை அங்கே இட்டுச்சென்றன. அந்த உரையைச் சுருக்கிச் சொல்ல ஒருவர் அன்று கிடைத்திருந்தால், சுருக்கத்தில் முதலில் விடப்பட்டிருக்கக்கூடியவை அந்தப் பெயர் தெரியாத மேற்கோள்களாகத்தான் இருக்கும். கதைக்கும் பொருளுக்கும் அவை தேவையில்லை அல்லவா.

ப்ராம்ப்ட் என்பது நான் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. அதற்குரிய பதில் வரும், அதற்குள் அடங்கிய பதில் வரும். ஆவணம் அப்படி நம் கேள்விக்குக் கட்டுப்பட்டதல்ல. நிலவரி பற்றித் தேடிப்போனவர் கண்ணில் ஒரு பெண்ணின் சொத்துரிமை படும். நாடகக் கம்பெனி ஒன்றின் வரலாற்றைத் தேடிப் பழைய நாளிதழைப் புரட்டியவர் பக்கத்துப் பத்தியில் பஞ்சச் செய்தியைப் பார்த்து, அந்த ஆண்டில் நாடகம் ஏன் நின்றது என்று புரிந்துகொள்வார். தேடாத ஒன்று கண்ணில் பட்டு, தேடிவந்ததன் திசையையே மாற்றுவது ஆய்வில் விபத்தன்று. ஆய்வு பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகிற அலுப்பூட்டும் வேலையின்போதுதான் அது நடக்கும். அந்த அலுப்பை நீக்கித்தரும் கருவிக்கு நன்றி சொல்கிற நேரத்தில், அதோடு சேர்ந்து இதுவும் போகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரத்தைக் கொண்டு ஆவணங்களை ஆராய்வது நமக்குப் புதிதும் அல்ல. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, ஒய்.சுப்பராயலு, டோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கணினியின் துணையோடு அகராதி போலத் தொகுத்து 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். எந்தப் பட்டப்பெயர் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில், எப்படிப்பட்டவர்களுக்கு வழங்கியது என்று ஆயிரக்கணக்கான பெயர்களை வைத்துப் பேச அது இடம் தந்தது. அதற்கு முன்பே கராஷிமா, திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாகவும், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையாகவும் இருந்ததை எடுத்துக்காட்டியிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஊர்களில் நிலத்தை யார் விற்றார்கள் என்று எளிமையாகக் கேட்ட ஒரு கேள்வி. அதைக் கேட்க அந்தக் கல்வெட்டுகளில் ஊறியிருக்க வேண்டியிருந்தது. பெயர்த்தொகுப்பில் கணினி செய்தது வரிசைப்படுத்தலும் எண்ணலும். படித்தது மனிதர்கள். அதைவிட முக்கியம், அவர்கள் தங்கள் முடிவுகளை மட்டும் தராமல் தொகுப்பை முழுவதும் அச்சிட்டுத் தந்தார்கள். சந்தேகப்படுகிறவர் எந்தப் பெயரையும் மூலக் கல்வெட்டு வரை போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய கருவி நமக்குத் தருவதில் அந்தத் தடம் இல்லை, அல்லது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதோடு அது படித்திருப்பதும் உலகில் உள்ளதில் ஒரு பகுதியைத்தான். தமிழைப் பொறுத்தவரை அந்தப் பகுதி மிகச் சிறியது. எடுத்த மைப்படிகளில் பல இன்னும் அச்சேறவில்லை. சுவடி நூலகங்களில் உள்ள ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. பொருள் தெரிந்தால்தான் எழுத்தே தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் உள்ள பழைய ‘லை’யும் ‘னை’யும் எழுத்துணரி மென்பொருள்களை இன்றும் தடுமாற வைக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த நூல்கள் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்கு நேரில் போய் அமர்ந்தால் மட்டுமே கிடைக்கும் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் குஜிலிப் பாட்டுகளும் எவ்வளவோ. இந்த நிலையில் ‘யாரும் தொடாத பகுதி எது?’ என்று இயந்திரத்திடம் கேட்டால், அது காட்டுவது அதற்கு எட்டாத பகுதியை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழாசிரியர் மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து எழுதி, உள்ளூர் அச்சகத்தில் முந்நூறு படி அடித்த நூல் அதற்குத் தெரியாது. அவர் செய்ததைச் செய்யப்படாதது என்று சொல்லி ஒரு மாணவர் பட்டம் வாங்கும்போது, மாணவருக்கும் தெரியாமல், அந்த ஆசிரியருக்கு ஒரு அநீதி நடக்கிறது.

படிப்பவர் இல்லாமல் போகும்போது எழுதுகிறவரும் மாறிவிடுகிறார். 2025 ஜூலையில் ஜப்பானிய நாளிதழ் நிக்கெய் ஒரு செய்தி வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளை வைக்கும் ஆர்க்சிவ் தளத்தில் 17 கட்டுரைகளில், மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளை எழுத்திலோ மிகச் சிறிய எழுத்திலோ இயந்திரத்துக்கு ஒரு கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது: இந்தக் கட்டுரையைப் பற்றி நல்லபடியாக மட்டும் மதிப்பிடு என்பது போன்ற கட்டளை. 8 நாடுகளைச் சேர்ந்த 14 நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எழுதியவை அவை. மதிப்பிட வேண்டிய அறிஞர் கட்டுரையைப் படிக்காமல் ஏஐயிடம் கொடுப்பார் என்ற அனுமானத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு. அப்படிக் கொடுக்கும் சோம்பேறி மதிப்பீட்டாளர்களைப் பிடிக்கத்தான் வைத்தோம் என்று ஒருவர் விளக்கம் சொன்னதாகவும் அந்தச் செய்தியில் இருந்தது. இரு தரப்பினரும் மற்றவர் படிக்க மாட்டார் என்பதில் ஒத்துப்போயிருக்கிறார்கள். ஒரு ஆய்வாளர் இன்னொரு ஆய்வாளருக்கு எழுதுகிறார், அவர் படிப்பார், தவறு இருந்தால் சொல்வார் என்ற எளிய எதிர்பார்ப்பின்மேல்தான் இந்தத் துறை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அந்த எதிர்பார்ப்பைக் கைவிட்டவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு எனக்குச் சொல் இல்லை.

நம் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு ஆய்வேட்டின் முன்பக்கத்திலும் நெறியாளரின் சான்றிதழ் ஒன்று இருக்கும். இது மாணவரின் சொந்த ஆய்வு, என் மேற்பார்வையில் நடந்தது என்று அதில் எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை, இணைப்பேராசிரியரிடம் ஆறு பேர் வரை, உதவிப் பேராசிரியரிடம் நான்கு பேர் வரை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்பது விதி. வகுப்பு, தேர்வுத்தாள், தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் எட்டு ஆய்வேடுகளையும் அவர் வரிவரியாகப் படிக்கிறார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மாணவரிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்த்து, நெறியாளருக்குப் படிக்க நேரம் தராமல் இருப்பது நியாயம் ஆகாது.

ஏஐயைத் தடை செய்வதால் இதில் எதுவும் சீராகாது. தடை செய்தால் மறைவாகப் பயன்படுத்துவார்கள், தமிழ்வழியில் படித்து வந்த அந்த மாணவிக்குக் கிடைத்த துணையும் குற்றமாகிவிடும். செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது எளியது. எந்த ஆவணங்களை மூலத்திலேயே படித்தேன், எவற்றை இயந்திரத்தின் சுருக்கம் வழியாக மட்டும் அறிந்தேன் என்று ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மாணவர் பிரித்துத் தரட்டும். கொடுத்த முக்கியமான ப்ராம்ப்டுகளையும் அங்கே வைக்கட்டும். அப்படி வைப்பதால் மதிப்பெண் குறையாது என்று பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதி தரட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் நெறியாளர் அந்த ஆய்வேட்டிலிருந்து பத்து மேற்கோள்களைத் தாமே தேர்ந்தெடுத்து, மாணவரை அருகில் வைத்துக்கொண்டு, மூலநூலைத் திறந்து, வரி அங்கே இருக்கிறதா, அடைப்புக்குறியோடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். மூலம் வேறு ஊர் நூலகத்தில் இருந்தால் அதன் படி ஒன்றை மாணவர் கொண்டுவந்து காட்டட்டும். ஒரு ஆய்வேட்டுக்கு அரை நாள் போதும். அந்த அரை நாளை நெறியாளரின் பணிநேரத்தில் கணக்கிட்டு எழுத, வருகைப்பதிவேட்டில் இன்று இடமில்லை. முதலில் அந்த இடத்தை உண்டாக்க வேண்டும்.